மைக்ரோஃபைபர் துணி நிஜமாவே கிருமிய எடுக்குதா, பழைய வேட்டித் துணியே போதுமா? வீட்லயே டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியுமா?

ஈரோட்டு_மருமக:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க மாமனாருக்கு ரெண்டு மாசமா கீமோ போயிட்டு இருக்குது. போன தடவ ரத்தம் டெஸ்ட் எடுத்தப்ப வெள்ளை அணு ரொம்ப இறங்கிருச்சுன்னு சொல்லி, சாப்பாடு தண்ணி கிச்சன் எல்லாத்துலயும் சுத்தம் பாத்துக்கோங்க, சின்ன இன்ஃபெக்ஷன் கூட இவருக்கு ஆகாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லி அனுப்பினாரு. அன்னைலருந்து என் கண்ணுக்கு கிச்சன்ல படறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த மேடை துடைக்கிற துணி.

போன ஞாயித்துக்கிழமை கோழி கழுவுன தண்ணி மேடைல சிந்துச்சு, அத்தை டக்குனு அந்தத் துணிய எடுத்து துடைச்சாங்க, குழாய்ல ஒரு தடவ அலசிப் பிழிஞ்சாங்க, அப்பறம் அதே துணில மாமா சாப்பிடற தட்ட ஈரம் போக ஒரு துடை துடைச்சு வெச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல, தட்ட மட்டும் எடுத்து மறுபடி கழுவிட்டேன். மறுநா காலைல குழாய் மேல தொங்கிட்டு இருந்த துணிய கைல எடுத்தா ஒரு புளிச்ச முடைநாத்தம், சோப்பு போட்டு கசக்குனாலும் போகல.

ஆன்லைன்ல ஆறு மைக்ரோஃபைபர் துணி வாங்கிட்டேன். கவர்ல "வெறும் தண்ணிலயே 99% கிருமி நீங்கும்"னு போட்டிருக்கு. அத்தை சொல்றாங்க, பழைய வேட்டிய கிழிச்சா வர்ற மாதிரி துணி எதுவும் வராது, அது நைலான், தண்ணியே இழுக்காதுன்னு. எங்கண்ணன் திருப்பூர்ல இருக்கறதால பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டாந்து போட்டிருக்கான். இப்ப வீட்ல மூணு வகை துணி இருக்குது, எத நம்பறதுன்னு தெரியல. துடைச்ச துணிய ப்ரெட் மேல ஒத்தி ஒரு வாரம் மூடி வெச்சு பாக்கற வீடியோ ஒண்ணு பாத்தேன், அது சரியா வருமா? லேப்ல எல்லாம் எப்படி டெஸ்ட் பண்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காலனி_எண்றவன்:

சிஸ்டர், முதல்ல ஐயா சீக்கிரம் குணமாகணும். நான் சென்னைல ஒரு ஃபுட் டெஸ்டிங் லேப்ல 11 வருஷமா மைக்ரோபயாலஜி பாக்கறேன், தினமும் தட்டுல காலனி, அதாவது கிருமி பெருகி கண்ணுக்குத் தெரியற புள்ளிய எண்ணுறதுதான் வேலை, அதனால உங்க கேள்விய பாத்ததும் விட மனசு வரல.

ப்ரெட் டெஸ்ட்ட நம்பாதீங்க. ப்ரெட்ல வளர்றது பூஞ்சை. நாம பயப்படற சால்மொனெல்லா, ஈ.கோலை மாதிரி வயித்தக் கெடுக்கற பாக்டீரியா எல்லாம் ப்ரெட் மேல கண்ணுக்குத் தெரியற மாதிரி வராது. அது போக கடை ப்ரெட்ல பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து போட்டிருப்பாங்க. அதனால பூசணம் வரலன்னா துணி சுத்தம்னும் இல்ல, வந்துச்சுன்னா துணி மோசம்னும் இல்ல. இன்னும் சிலர் கடல்பாசி காய்ச்சி டப்பால ஊத்தி வீட்லயே கிருமி வளர்ப்பாங்க, அத தயவுசெஞ்சு செய்யாதீங்க, கீமோ போற ஆள் இருக்கற வீட்ல என்னன்னே தெரியாத ஒரு கிருமிய கோடிக்கணக்குல பெருக்கி வைக்கறது சரியே இல்ல. (லேப்ல அகார்னு சொல்ற அந்தக் கடல்பாசியே சமையல்கட்டுலருந்துதான் லேபுக்கு வந்துச்சு. 1881 வாக்குல ஜெர்மன் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் காக் கிட்ட வேலை பாத்த வால்தர் ஹெஸ்ஸியோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, ஜெல்லி செய்யறதுக்கு வெச்சிருந்தத எடுத்துக் குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் நாங்க அதுலதான் வளக்கறோம், நம்ம மன்னார் வளைகுடாப் பாசிலருந்தும் அது தயாராகுது.)

லேப்ல எப்படின்னா, வெறும் டைல் மாதிரி ஒரு பரப்புல எண்ணிக்கை தெரிஞ்ச பாக்டீரியாவ, கூடவே கொஞ்சம் புரத அழுக்கையும் கலந்து தடவி காய விடுவோம். அப்பறம் துடைச்சு, மிச்சம் இருக்கறத ஸ்வாப்ல, அதாவது பஞ்சுக் குச்சில எடுத்து, அகார் தட்டுல போட்டு, 37 டிகிரி பக்கத்துல ஒரு நாள் ரெண்டு நாள் வெச்சு காலனி எண்ணுவோம். கிருமிநாசினில நனைச்ச துணிகளுக்கு இ.என். 16615னு ஒரு ஐரோப்பிய முறை இருக்கு, 2015ல வந்தது. அதுல வரிசையா நாலு கட்டம் வரைவாங்க, ஒவ்வொண்ணும் 5 செ.மீ. சதுரம். முதல் கட்டத்துல மட்டும்தான் கிருமி. ரெண்டரை கிலோ கிட்ட எடை உள்ள ஒரு கல்லுல துணிய சுத்தி, ஒண்ணாம் கட்டத்துலருந்து நாலாம் கட்டம் வரைக்கும் இழுத்து திரும்பவும் கொண்டு வருவாங்க. ஆள் ஆளுக்கு அழுத்தம் மாறக்கூடாதுங்கறதுக்குத்தான் அந்தக் கல்லு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், முதல் கட்டத்துல எவ்வளவு குறைஞ்சுதுங்கறதோட விடமாட்டாங்க, சுத்தமா இருந்த ரெண்டு, மூணு, நாலாம் கட்டத்துல எவ்வளவு போய் ஒட்டுச்சுன்னும் எண்ணுவாங்க. உங்க வீட்ல கோழித் தண்ணிலருந்து ஐயா தட்டுக்குப் போனது அந்த நாலாம் கட்டம்தான். கவர்ல போடற 99% பெரும்பாலும் ஒண்ணாம் கட்டத்துக் கதை, நாலாம் கட்டத்தப் பத்தி யாரும் கவர்ல எழுதறதில்ல.

அந்த 99%யையும் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. பத்து லட்சம் இருந்த இடத்துல 99% போச்சுன்னா பத்தாயிரம் மிச்சம். ஈரம், சாப்பாட்டுத் துணுக்கு, வெதுவெதுப்பு எல்லாம் தோதா அமைஞ்சா ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகும், அப்ப ரெண்டரை மணி நேரத்துக்குள்ள மறுபடி பத்து லட்சம். மேடை காஞ்சிருந்தா இது நடக்காது. அதனால துடைச்சதுக்கு அப்பறம் காய விடறது, துடைக்கிற அளவுக்கே பெரிய வேலை.

வார்டு_சுத்தம்_மதுரை:

நான் ஒரு ஆஸ்பத்திரில ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். லேப் பத்தி அண்ணன் சொல்லிட்டாரு, நான் எங்க பொண்ணுங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கறத சொல்றேன். துணிய ரெண்டா மடி, திரும்ப ரெண்டா மடி, இப்ப விரிச்சு விரிச்சு திருப்புனா எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்துல ஒரு இடம். அழுக்கான முகம் அடுத்த இடத்துக்குப் போகக்கூடாது. ஒரே திசைல இழுக்கணும், முன்னாடி பின்னாடி தேய்ச்சா எடுத்தத அங்கயே திரும்ப வெச்சிட்டு வர்றோம்னு அர்த்தம். சுத்தமான இடத்துலருந்து அழுக்கான இடத்துக்குப் போகணும். எட்டு முகமும் முடிஞ்சா துணி கூடைக்குப் போயிரும், வாளித் தண்ணில முக்கி திரும்ப எடுக்கவே கூடாது, ஒருக்கா முக்குனா அந்த வாளித் தண்ணி பூரா அழுக்கு.

அப்பறம் கலர். எங்க இடத்துல பாத்ரூமுக்கு சிவப்பு, சாப்பாட்டு இடத்துக்கு பச்சை. உங்ககிட்ட ஆறு துணி இருக்குல்ல, அத்தைகிட்ட இந்தக் கலர் கறி மீனுக்கு மட்டும், இந்தக் கலர் மேடைக்கு மட்டும், மாமா தட்டுக்கு துணியே வேண்டாம் கவுத்து வெச்சு தானா காயட்டும்னு சொல்லிப் பாருங்க. புதுசா வந்த பொண்ணுங்க வாய்ச்சொல்ல மறந்தாலும் கலர மறக்க மாட்டாங்க.

பளிச்_வீடு:

இவ்ளோ யோசிக்கணுமா? ஃப்ளோர் க்ளீனர் மாதிரி கிருமிநாசினி ஊத்தி துணிய அதுலயே ஊற வெச்சு துடைச்சா எல்லாமே செத்துரும். எங்க வீட்ல அப்படித்தான் பண்றோம்.

காலனி_எண்றவன்:

பளிச் வீடு, அதுல ரெண்டு சிக்கல் இருக்கு. நிறைய கிருமிநாசினில இருக்கறது பென்சல்கோனியம் குளோரைடு வகை. பருத்தித் துணிய அதுல ஊறப் போட்டா பருத்தி அந்த மருந்த இழுத்துப் பிடிச்சுக்கும், மேடைக்கு வர்றது பலம் கொறஞ்ச தண்ணி. ரெண்டாவது, பாட்டில் பின்னாடி படிங்க, இத்தனை நிமிஷம் ஈரமா இருக்கணும்னு போட்டிருக்கும், நாம ஊத்துன உடனே துடைச்சு எடுத்துடறோம். எண்ணெய்ப் பிசுக்கு, மாவு மேல ஊத்துனா மருந்து அதுலயே செலவாகிடும். சோப்புத் தண்ணில அழுக்க எடுத்துட்டு அப்பறம் மருந்து போட்டாதான் அது வேலை செய்யும்.

மருந்து இல்லாம துணியோட வித்தியாசம் தெரியணும்னா ஒரு நல்ல கணக்கு இருக்கு. 2007ல அமெரிக்காவுல நார்த் கரோலினால ஆஸ்பத்திரி மாப்ப வெச்சு பாத்தாங்க. வெறும் டிடர்ஜென்ட் போட்டு துடைச்சப்ப மைக்ரோஃபைபர் மாப்பு 95% எடுத்துச்சு, பருத்தி நூல் மாப்பு 68%. கிருமிநாசினி சேத்ததும் ரெண்டும் 95%க்கு வந்துருச்சு. அதுக்காக பருத்தி மட்டம்னு நான் சொல்ல வரல, மருந்து போடாத வீட்ல மைக்ரோஃபைபருக்கு ஒரு உண்மையான பலன் இருக்குங்கறதுதான். அந்த இழைல பாலியஸ்டரும் நைலானும் கலந்து, ஒவ்வொரு இழையும் பல கீத்தா பிரிஞ்சிருக்கும், முடிய விட ரொம்ப மெல்லிசு, அந்த இடுக்குல அழுக்கு சிக்கிக்கும். கீத்து பிரியாத மலிவுத் துணியும் இதே பேர்ல விக்கறாங்க. நல்லது உள்ளங்கைல காஞ்ச சொரசொரப்புல மாட்டி இழுக்கும், வழுக்கிட்டுப் போச்சுன்னா சந்தேகப்படுங்க.

பார்மா_க்யூஏ:

வீட்ல டெஸ்ட் பண்ணணும்னு கேட்டீங்கல்ல, கிருமி வளர்க்காம ஒரு வழி இருக்கு. நாங்க மருந்து கம்பெனில பெரிய பெரிய பாத்திரத்த மெஷின் சரியா கழுவுதான்னு பாக்க ரிபோஃப்ளேவின் கரைசல் அடிப்போம், அதாவது வைட்டமின் பி2. கழுவி முடிச்சதும் இருட்டுல யூவி டார்ச் அடிச்சா தண்ணி படாத இடம் பச்சை மஞ்சளா மின்னும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைல இதுதான் அந்த மஞ்சள் கலர்.

ஒரு மாத்திரைய பொடி பண்ணி தண்ணில கரைச்சு, ரெண்டு சொட்டு பால் விட்டுக்கோங்க, சாப்பாட்டு அழுக்கு மாதிரி ஒட்டும். டைல்ல பென்சில்ல நாலு கட்டம், முதல் கட்டத்துல மட்டும் தடவி காய விடுங்க. வெளிச்சத்துல ரிபோஃப்ளேவின் சிதைஞ்சுரும், அதனால ராத்திரில பண்ணுங்க. கல்லுக்கு பதிலா ஒரு கிலோ உப்புப் பாக்கெட்ட துணில சுத்தி இழுங்க, எல்லாத் துணிக்கும் அதே பாக்கெட், அதே அளவு ஈரம். நோட்டு செக் பண்ற யூவி டார்ச் போதும், கண்ணுல நேரா அடிக்காதீங்க. இன்னொண்ணு, வேட்டித் துணி தானாவே நீலமா மின்னும், சோப்புத்தூள்ல வெள்ளையா காட்ட ஒரு பொருள் போடறாங்க, அது. அதனால துணிய பாக்காதீங்க, டைல மட்டும் பாருங்க.

இது கிருமி இல்லங்கறத மனசுல வெச்சுக்கோங்க. அழுக்கு எங்கருந்து எங்க போகுதுன்னு காட்டும், எத்தனை கிருமி செத்துச்சுன்னு காட்டாது. ஆஸ்பத்திரில ஏடிபி மீட்டர்னு ஒண்ணு வெச்சு பாப்பாங்க, ஏடிபிங்கறது உயிரணுக்கள்ல இருக்கற ஒரு பொருள், மின்மினிப் பூச்சி வெளிச்சம் குடுக்கற அதே வேதியியல்தான் அதுல, ஆனா அதுவும் சோத்துத் துணுக்கையும் கிருமியையும் சேத்துதான் கணக்கு காட்டும்.

நெல்லை_ஆச்சி:

யம்மா தாயி, உன் மாமனார் நல்லபடியா எந்திரிச்சு வரட்டும். எனக்கு 71 வயசு, பேரன் டைப் அடிச்சுத் தாரான். நீ உங்கத்தைய கோவிச்சுக்காத, வேட்டித் துணி நல்ல துணிதான், ஆனா அத நாங்க எப்படி வெச்சிருந்தோம்னு உங்கத்தைக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாரு. பழைய வேட்டிய கைக்குட்டை அளவுக்குக் கிழிச்சு பத்துப் பதினஞ்சு துண்டு அடுக்கி வெச்சிருப்போம். மீன் கழுவுன இடத்துக்கு எடுத்த துண்டு அன்னைக்கு அடுப்படிக்குள்ள திரும்ப வராது. சாயங்காலம் பூராத்தையும் ஒரு பானைல போட்டு சோடா உப்புப் போட்டுக் கொதிக்க விட்டு, மறுநா வெயில்ல கொடில விரிச்சுப் போடுவோம். பிள்ளை பெத்த வீட்டுத் துணியெல்லாம் வெள்ளாவி வெச்சுத்தான் வரும், ஆவில வெந்த துணிக்கு ஒரு மணம் உண்டு. இப்ப ஒரே துணி ஒரு வாரம் குழாய்ல தொங்குது. அது துணி செஞ்ச தப்பு இல்ல தாயி.

ஈரோட்டு_மருமக:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. ஆச்சி, உங்க பதில அத்தைக்கு வாசிச்சுக் காட்டுனேன், அவங்களே அம்மா வீட்ல அப்படித்தான் பண்ணுவோம்னு சொன்னாங்க. நேத்து ராத்திரி மாமா தூங்குனப்பறம் பி2 டெஸ்ட் பண்ணிட்டோம். வீட்டுக்காரர் டார்ச் பிடிச்சாரு, நான் துடைச்சேன், அத்தை ஸ்டூல் போட்டு பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. ஒவ்வொரு துணியையும் மூணு தடவ செஞ்சு பாத்தோம்.

நனைச்சுப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர்ல முதல் கட்டம் கிட்டத்தட்ட சுத்தம், பென்சில் கோட்டு ஓரத்துல மட்டும் முடி கனத்துக்கு ஒரு பச்சைக் கோடு. நாலாம் கட்டத்துல லேசா ஒரு பூச்சு. அதே துணிய காஞ்சபடி தேய்ச்சா காஞ்சு ஒட்டுனது வரவே இல்ல, சுத்தியும் இழுவிட்டுதான் போச்சு. பனியன் வேஸ்ட் தண்ணிய இழுக்காம முன்னாடி தள்ளிட்டே போச்சு, மூணாம் கட்டத்துல ஒரு வளையமா மின்னுச்சு. வேட்டி ஒரே இழுவைல பாதிதான் எடுத்துச்சு, ஆனா மதுரைக்காரங்க சொன்ன மாதிரி மடிச்சு, முகம் மாத்தி ரெண்டாவது தடவ துடைச்சதும் மைக்ரோஃபைபருக்கு சமமா வந்துருச்சு. அத்தை முகத்துல அப்ப ஒரு சந்தோஷம்.

அப்பறம் ஒண்ணு பண்ணோம், அதத்தான் முக்கியமா சொல்லணும். டெஸ்ட் முடிஞ்ச மைக்ரோஃபைபர நான் எப்பவும் செய்யற மாதிரி குழாய்ல ஒரு தடவ அலசிப் பிழிஞ்சு, எதுவுமே தடவாத அஞ்சாவது டைல ஒரு இழு இழுத்தேன். லைட்ட அணைச்சு டார்ச் அடிச்சா டைல் முழுக்க பச்சைத் தீத்தல். வேட்டியும் அப்படித்தான், மைக்ரோஃபைபர்ல இன்னும் கொஞ்சம் அதிகம். அத்தை ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம் "அன்னைக்கு உங்க மாமா தட்ட இப்படித்தானே துடைச்சேன்"னு சொல்லி கண் கலங்கிட்டாங்க. நான் அவங்க கைய பிடிச்சுக்கிட்டேன், எனக்கும் அழுகை வந்துருச்சு. காலைல எந்திரிச்சு பாத்தா குழாய் மேல துணி இல்ல, அத்தையே எடுத்துட்டாங்க.

இப்ப என் கேள்வி, அலசுனா போகலன்னா எப்படி துவைக்கறது? ரெண்டு துணிக்கும் ஒரே மாதிரியா?

காலனி_எண்றவன்:

சிஸ்டர், அந்த அஞ்சாவது டைல் செஞ்சீங்க பாருங்க, எங்க லேப்ல சேர்ற புதுப் பசங்களுக்கு கூட அது தோணாது. அத்தை கிட்ட சொல்லுங்க, இது உலகம் பூரா எல்லா வீட்லயும் நடக்கறது. 2014ல அமெரிக்கா, கனடால அஞ்சு ஊர்ல 82 கிச்சன் கைத்துண்டு சேகரிச்சு பாத்ததுல 89%ல கோலிஃபார்ம், அதாவது அசுத்தத்துக்கு அடையாளமா பாக்கற பாக்டீரியா கூட்டம் இருந்துச்சு, நாலுல ஒண்ணுல ஈ.கோலையே இருந்துச்சு. எத்தனை நாளைக்கு ஒருக்கா துவைச்சாங்கங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்துச்சு. 2018ல மொரீஷியஸ் யுனிவர்சிட்டில ஒரு மாசம் பயன்படுத்துன 100 துணிய பாத்தாங்க, 49ல வளர்ச்சி. ஒரே துணிய பாத்திரம், கை, மேடை எல்லாத்துக்கும் வெச்சிருந்த வீட்லயும், துணி ஈரமாவே கிடந்த வீட்லயும் அதிகம், கறி மீன் சமைக்கிற வீட்டுத் துணில ஈ.கோலை கூடுதல். ஸ்பாஞ்சும் இதே கதைதான், ஜெர்மனில 14 பழைய ஸ்பாஞ்ச ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டாங்க, சில இடத்துல ஒரு கன சென்டிமீட்டர்ல 5,400 கோடி பாக்டீரியா. உங்க துணில வந்த புளிச்ச நாத்தம் இருக்கே, அந்த மாதிரி ஈரத்துணி நாத்தத்துக்கு மொராக்செல்லான்னு ஒரு பாக்டீரியா காரணம்னு ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, அதே கூட்டத்த இந்த ஸ்பாஞ்ச்லயும் பாத்தாங்க.

வேட்டித் துணிய ஆச்சி சொன்ன மாதிரியே சோப்புப் போட்டு துவைச்சு பத்து நிமிஷம் நல்லா கொதிக்க விடுங்க. சோறு கெடறதுக்குக் காரணமான பேசில்லஸ் சீரியஸோட வித்துகள் கொதிக்கறதுக்கும் தாங்கும், ஆனா துணி நல்லா காஞ்சுட்டா அதால பெருக முடியாது. கொதிக்க வைக்க முடியாத அன்னைக்கு 5% ப்ளீச் 20 மில்லி ஒரு லிட்டர் தண்ணில கலந்து, துவைச்ச துணிய பத்து நிமிஷம் ஊற வெச்சு அலசுங்க. அந்த ப்ளீச்ச டாய்லெட் ஆசிட் பக்கத்துல கூட கொண்டு போகாதீங்க, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், ஐயா இருக்கற வீட்ல அது ரொம்ப ஆபத்து.

மைக்ரோஃபைபருக்கு ப்ளீச் வேண்டாம், இழை கெட்டுப் போகும். வாசனைக்கு ஊத்தற கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேண்டாம், இழை மேல படிஞ்சு இடுக்கெல்லாம் அடைச்சிரும். பருத்தித் துணியோட சேத்தும் போடாதீங்க, பஞ்சு பூரா அதுல ஒட்டும். கவர்ல எவ்வளவு சூடு வரைக்கும்னு போட்டிருக்கும், 60 டிகிரி தாங்கும்னா மெஷின்ல அதுல போடுங்க. எதையுமே தாங்காத துணின்னா என் அபிப்பிராயம், கோழி மீன் பக்கம் அத கொண்டு போகாதீங்க, அங்க வேட்டித் துண்டே மேல். கோழித் தண்ணி சிந்துனா டிஷ்யூல ஒத்தி எடுத்து குப்பைல போட்டுட்டு, சோப்புத் தண்ணி, அப்பறம் துணின்னு போங்க. கோழிய கழுவாம சமைக்கறது இன்னும் நல்லது, கொதிக்கறப்பவே கிருமி செத்துரும், கழுவறப்பதான் தெறிக்குது. நம்ம வீடுகள்ல இது நடக்காதுன்னு தெரியும், அட்லீஸ்ட் ஐயாவுக்கு கீமோ முடியற வரைக்குமாவது அத்தைகிட்ட பேசிப் பாருங்க.

ஈரோட்டு_மருமக:

சரிங்கண்ணா, பேசறேன். வேட்டி ரெண்டு கிழிச்சு இருவது துண்டு ஆக்கியாச்சு, அத்தை ஓரம் கூட தைச்சு வெச்சிட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம், இங்க ரெண்டு நாளா விடாம மழை, வெயிலே இல்ல, கொதிக்க வெச்ச துணி கொடில போட்டா சாயங்காலமும் சிலுசிலுன்னுதான் இருக்குது. என்ன பண்றது?

வார்டு_சுத்தம்_மதுரை:

வேட்டித் துண்டுன்னா அயர்ன் பாக்ஸ் வெச்சு ரெண்டு பக்கமும் நல்லா அழுத்தி தேய்ச்சுருங்க, ஆவி வர்றது நிக்கற வரைக்கும். மைக்ரோஃபைபருக்கு அயர்ன் வெச்சுராதீங்க, உருகிப் போகும், அத ஃபேனுக்குக் கீழ கிளிப் போட்டு தனித்தனியா தொங்க விடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு போடாம. காயாத துண்ட அன்னைக்கு எடுக்காதீங்க, இருவது இருக்குல்ல.